கைராசிக்காரரும் ஆயில் இஞ்சினும்

அந்த ஸ்பேனர் பெட்டியத் தொடாதீங்க தம்பி. உங்க சாமானத்தையே எடுத்துக்குங்க. அது எம்பட மச்சினன் கொழந்தவேலு பெட்டி. அன்னைக்குப் போட்டது போட்டபடி கெடக்குது. ஒரு சாண் நகத்தி வெச்சாக்கூட ஊட்டுக்காரி மொறைச்சுக்கிட்டு வந்து நிக்கறா. அவ தம்பி பெட்டியாம்! கரும்பாட்டற ஆலைக்கொட்டாய் என்னுது, இஞ்சின் என்னுது, நடுவால அவன் பெட்டி மட்டும் சட்டமா உக்காந்திருக்குது. பாக்கப் பாக்க எனக்குப் பத்திக்கிட்டு வருதுங்க.

நீங்க பவானிக்காரரு. உங்களுக்கு என்னையும் தெரியாது, அவனையும் தெரியாது. அதுக்குத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து உங்களைக் கூப்புட்டது. உள்ளூரு மெக்கானிக்கு எவன் வந்தாலும் ஒண்ணு அவங்கூடத் தொழில் பழகுனவனா இருப்பான், இல்லாட்டி எனக்கு ஒறம்பரை, சொந்தக்காரனா இருப்பான். ரெண்டும் ஆவாதுன்னுட்டா பாவாயி. பாவாயிங்கறது எம்பட ஊட்டுக்காரி. அந்தா, சக்கைப் போருகிட்ட முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு நிக்கறா பாருங்க, அவதான். அங்கிருந்து நகர மாட்டா. நீங்க சொல்றத அவ காதால கேக்கோணுமாம்.

நீங்க பண்ண வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். அந்தப் பல்லுச்சக்கர மூடியக் கழட்டோணும், உள்ள பாக்கோணும், தப்பு யாரு மேலன்னு ஒரு வார்த்தை சொல்லோணும். ரிப்பேரெல்லாம் அப்பறம்.

ஒரு வார்த்தையில என்ன இருக்குதும்பீங்க. எல்லாம் அதுலதான் இருக்குது. வர்ற தை மாசம் எம்பட புள்ள தாரணிக்குக் கண்ணாலம். பொண்ணைக் கையப் புடிச்சு மணவறைக்குக் கூட்டியாறது தாய்மாமன். புள்ளைக்கு இருக்கறது ஒரே தாய்மாமன், இந்தக் கொழந்தவேலு. அவன் எம்பட வாசப்படிய மிதிக்கக் கூடாதுன்னு நான் ஊருக்கே கேக்கறாப்புல சொல்லிப்போட்டேன். பாவாயிக்குச் சித்தப்பன் மகன் ஒருத்தன் திருப்பூருல இருக்கறான், அவனை நிறுத்திக்கலாம்னேன். அன்னையோட நின்னுது பேச்சு. சோத்துத் தட்டு 'டங்'குனு முன்னால வந்து உழுகும், அதுதான் இப்ப எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை.

பேச்சை நிறுத்தறதுக்கு முன்னால ஒண்ணு சொன்னாளுங்க. கரும்பு வெட்டற ஆளுக அத்தனை பேரு முன்னாலயும் சொன்னா. "வெளியூரு ஆளைக் கூட்டியாந்து இஞ்சினைத் தொறந்து பாருங்க. எந்தம்பி மேல தப்புன்னா அவன் கண்ணாலத்துக்கு வர வேண்டாம்னு நானே போயிச் சொல்லிப்போடறேன். அவன் மேல தப்பு இல்லீன்னா நீங்க வெத்தல பாக்குத் தட்டோட அவன் ஊட்டுக்குப் போயி, உங்க வாயால அழைக்கோணும்"னா. சரின்னு சொல்லிப்போட்டேன். எனக்கென்னங்க பயம்? தப்பு அவன்துன்னு எனக்குத் தெரியும்.

கழட்டுங்க, கழட்டுங்க. நான் பேசிக்கிட்டே இருப்பேன், நீங்க உங்க பாட்டுக்கு வேலையப் பாருங்க. லைட்டு வேணும்னா சொல்லுங்க, இந்தக் கையில புடிச்சுக்கறேன். சோத்துக்கை ஆவாது, மாவுக்கட்டு போட்டிருக்குது. இதுவும் அவன் பண்ணுனதுதான், அதுக்கும் வர்றேன்.

இந்தக் கையப் பத்தி இந்தப் பக்கம் யாரை வேணும்னாலுங் கேளுங்க. கைராசிக்காரர் சென்னியப்பன்னாத்தான் என்னையத் தெரியும். வெதை போடறதுன்னா மொதப் புடி நான் போடோணும். ஊடு கட்டறதுன்னா மொதச் செங்கல்லு நான் எடுத்துக் குடுக்கோணும். மேக்காலக் காட்டுக்காரரு போர் போட்டப்ப நாந்தான் தேங்காய் ஒடைச்சேன். சீறிக்கிட்டு வந்துச்சுங்க தண்ணி. ஆடிக்குள்ள நின்னு போச்சு, அது வேற விசயம், அவரு மோட்டாரு எறக்குனது சரியில்லை. போன வருசம் எங்க பங்காளி மகன் கடை தொறக்கறப்ப மொத யாவாரம் எங்கையிலதான் பண்ணுனான். இப்ப மூடிப்போட்டான். அவனுக்குப் பேச்சுச் சரியில்லை, வர்றவங்ககிட்டச் சிடுசிடுங்கறது. கைராசி என்னங்க பண்ணும்?

இஞ்சினுக்கு வர்றேன். எல்லாருங் கரண்டு மோட்டாருக்கு மாறிப்போட்டாங்க. நான் மாறலை. இந்தப் பழைய ஆயில் இஞ்சினு ஐப்பசியில கெளம்புனா மாசி வரைக்கும் கரும்பாட்டிக்கிட்டே இருக்கும். அதுக்குக் காரணம் எம்பட பராமரிப்பு. வருசா வருசம் ஆயுதபூசைக்கு நானே ஒக்காந்து பச்சைப் பெயிண்டு அடிப்பேன். அங்க ஒரு தகடு இருக்குது பாருங்க, நம்பரெல்லாம் வெட்டுன தகடு, அதுதான் இதுக்கு நெத்தி. அது மேல பட்டையாச் சந்தனம் பூசி நடுவால குங்குமம் வெப்பேன். ஒரு வருசம் தவறுனதில்லை.

இந்த வருசம் ஆலை தொறந்த ஒடனே இஞ்சினுக்கு இழுவை இல்லை. ரெண்டு கரும்பு சேத்துக் குடுத்தா முக்குது, கருப்பாப் பொகை தள்ளுது. கொழந்தவேலைக் கூப்புட்டேன். மெக்கானிக்கு மச்சினன் இருக்கையில வேற யாரைக் கூப்புடறது? வந்தான், மேல் மூடியக் கழட்டுனான், உத்து உத்துப் பாத்தான். "மச்சான், கேம் ஷாப்ட்டு மூக்கு தேஞ்சு போச்சு. அதுதான் வால்வை முட்டித் தூக்கற சாமானம். மூக்கே இல்லீன்னா எங்க தூக்கும்? வேற போட்டாத்தான் ஆவும்"னான்.

சரி, போடுடான்னேன். போட வேண்டியதுதானே? கடைக்குப் போனமா, ஒரு கேம் ஷாப்ட்டு குடுங்கன்னு வாங்குனமா, மாட்டுனமான்னு இருக்க வேண்டியதுதானே? இல்லீங்க. மொதல்ல இஞ்சின் நம்பரு பாக்கோணுமாம். ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கிட்டு அந்தத் தகட்டைச் சொரண்டறான்! நான் பொட்டு வெக்கற எடத்தை! பெயிண்டும் சந்தனமும் அடையடையாப் பேந்து வருது. "எத்தனை வருசத்துப் பூச்சு மச்சான் இது? இதுக்குள்ள இஞ்சின் இருக்குதான்னே சந்தேகமா இருக்குது"ன்னு பல்லைக் காட்டறான். பாவாயியும் அவங்கூடச் சேந்து சிரிக்கறா. சாமி கும்புட்ட எடத்தைச் சொரண்டுனவன் கை வெளங்குமா?

நம்பரை எழுதிக்கிட்டு ஈரோட்டுக்குப் போனான். கடை கடையா ஏறி எறங்கி, பொழுது சாய வந்தான். கையில ஷாப்ட்டு இல்லை! கேட்டா, "கடைக்காரன் எடுத்துக் குடுத்தான் மச்சான், ஆனா பழசையும் கொண்டு போயிப் பக்கத்துல வெச்சுப் பாத்துத்தான் வாங்குவேன். இந்த இஞ்சினு ரெண்டு வகையா வந்திருக்குது. முன்ன வந்தது ஒண்ணு, பின்ன வந்தது ஒண்ணு. ஷாப்ட்டு ரெண்டுக்கும் ஒண்ணுதான், ஆனா அதோட வர்ற பல்லுச்சக்கரத்துல..."ன்னு இழுத்தான். அதுக்கு மேல நான் காதுல வாங்கலை. எனக்கு எங்கீங்க நேரம்? காடு நெறையாக் கரும்பு வெட்டிக் கெடக்குது. வெட்டுன கரும்பை ஒடனே ஆட்டோணும். நாளாச்சுன்னா பாலு புளிச்சுப் போயிரும், வெல்லம் அச்சுல நிக்காது.

இஞ்சின் நிக்கறப்ப எதுக்கு வெட்டுனீங்கன்னு இவ கேட்டா. நல்ல நாள் பாத்து எங்கையால மொதக் கரும்பு வெட்டியாச்சு, அதை மாத்த முடியுமா? நல்ல நாளு இஞ்சினுக்காகக் காத்துக்கிட்டு இருக்குமா?

என்ன தம்பி, அந்த போல்ட்டு வரமாட்டேங்குதா? தட்டுங்க. அதையும் அவந்தான் முறுக்குனது. எல்லாத்தையும் இறுக்கியே வெப்பான்.

ஒரு வழியா வெள்ளிக்கெழமை ஷாப்ட்டோட வந்தான். வந்தவன் மாட்டறானா? சாக்கை விரிச்சு, பழசையும் புதுசையும் பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சுக்கிட்டு, பொண்ணுப் பாக்க வந்தவனாட்டக் குந்திக்கிட்டான். மூக்கு உசரத்தை அளக்கறான். பேரிங் உக்கார்ற எடத்தை அளக்கறான். பல்லை எண்ணறான். மறுக்காவும் எண்ணறான். பழைய சக்கரத்தைத் தூக்கிப் புதுசு மேல வெச்சு வெயிலுக்கு நேராப் புடிச்சுப் பாக்கறான். "ஏன்டா மாப்ளே, இரும்புதானே, மாட்டுனாச் சேந்துக்காதா?"ன்னேன். "சேந்துக்கும் மச்சான், அப்பறம் ஒடைஞ்சுக்கும்"ங்கறான். பேச்சைப் பாத்தீங்களா? அக்கா புருசன்கிட்டப் பேசற பேச்சா அது?

அப்பறம் தாரணியக் கூப்புட்டான். "சாமி, உன்ற நகப்பாலீசு இருந்தாக் குடு"ன்னான். எதுக்கோன்னு பாத்தா, அந்தச் சேப்பு நகப்பாலீசைச் சக்கரத்துல ஒரு பல்லுகிட்டப் பொட்டாட்டம் தொட்டு வெக்கறான்! எதுக்குடான்னா, மார்க்காம். கீழ் சக்கரத்துப் புள்ளியும் இதுவும் நேருக்கு நேராச் சேரோணுமாம். ஒரு பல்லு தப்புனாலும் உள்ள வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்குமாம். "காயட்டும் மச்சான், யாருந் தொட வேண்டாம். சோறு தின்னுபோட்டு வந்து மாட்டறேன்"னு சொல்லிப்போட்டு ஊட்டுக்குள்ள போனான். யாருந் தொட வேண்டாமாம்! எம்பட இஞ்சினை நான் தொடக் கூடாதாம்!

நீங்களே சொல்லுங்க தம்பி. புது உருப்படி, இஞ்சினோட நெஞ்சுக்குள்ள போறது. ஒரு பூசையில்லை, ஒரு சூடமில்லை. பொம்பளப் புள்ளை கால் வெரலுக்குப் பூசற பாலீசு அது மேல ஒட்டிக்கிட்டு இருக்குது. வெள்ளிக்கெழமை. மூணு மணிக்கு எமகண்டம் பொறக்குது. நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கறதா? பெயிண்டுக்கு வாங்குன தின்னர் மீதி இருந்துச்சு. அதை ஊத்தி ஷாப்ட்டு, சக்கரம் எல்லாத்தையும் பளபளன்னு தொடைச்சேன். அந்தப் பாலீசுக் கருமத்தையும் தொடைச்சேன். தொடைச்சுப்போட்டுப் பாத்தா, சக்கரத்துல அம்சமா ஒரு சின்னக் குழி, பொட்டு வெக்கறதுக்குன்னே வெட்டுனாப்புல. சந்தனத்தைக் கெட்டியாக் கொழைச்சு அதுல வெச்சு, அது மேல குங்குமம் வெச்சேன். சூடங் காட்டுனேன். கண்ணுல ஒத்திக்கிட்டேன். அவன் செய்ய மறந்ததை நான் செஞ்சேன், அவ்வளவுதான்.

ஏப்பம் உட்டுக்கிட்டு வந்தான். பொட்டைப் பாத்தான். "எம்மார்க்கு மேலதானே வெச்சீங்க மச்சான்?"னான். "அதே புள்ளி மேலதான்டா வெச்சிருக்கறேன், ஏத்து ஏத்து, எமகண்டம் வந்துரும்"னேன். புள்ளி மேலதான் வெச்சேன், அதுல பொய்யில்லையே? பொட்டைப் பாத்துச் சேத்து மாட்டுனான். மூடியப் போட்டு முறுக்குனான். "கைப்பிடிய மெதுவா ரெண்டு சுத்து சுத்திப் பாத்துக்கறேன் மச்சான், அப்பறம் ஸ்டார்ட் பண்ணலாம்"னான். மறுபடியும் அப்பறம்! அவன் கையில இருந்து கைப்பிடிய வாங்கிக்கிட்டேன். எந்த இஞ்சினா இருந்தாலும் மொதச் சுத்து கைராசிக்காரன் கைதானுங்களே. மூச்சப் புடிச்சு ஒரே சுத்து, வேகமா.

டமார்னு ஒரு சத்தம்.

உள்ள என்னமோ ஒடைஞ்சது, கைப்பிடி திரும்பி அடிச்சது, மணிக்கட்டு போச்சு. நான் கையப் புடிச்சுக்கிட்டுக் கத்தறேன். அவன் என்னையப் பாக்கலை. சக்கரத்து மூடியவே பாக்கறான். அப்பறம் அங்க கெடந்த துணியை எடுத்தான், நான் தொடைச்ச துணி, அதுல சேப்பா இருந்ததை மோந்து பாத்தான். பாத்துப்போட்டு என்ன சொன்னான் தெரியுங்களா? "இது உங்க கை பண்ணுன வேலை மச்சான்"னான்.

எம்பட கைய! இத்தனை வருசமா ஊரே தேடி வந்து கூப்புடற கைய! ஒடைஞ்சு தொங்கற கைய! ராசியில்லாத கைன்னு எம்பட கொட்டாயிலயே நின்னு சொல்றான். ஊருக்குள்ள இது போனா நாளைக்கு எவன் என்னைய வெதைக்குக் கூப்புடுவான்? "மூடியக் கழட்டிக் காட்டறேன் மச்சான், ஒரு நிமுசம்"னு ஸ்பேனரை எடுத்தான். எடுத்தாக் கையை ஒடிப்பேன்னேன். வெளிய போடான்னேன். எம்பட புள்ள கண்ணாலத்துல உன்ற நெழலுகூட உழுகக் கூடாதுன்னேன். தாரணி அழுதா. போயிப்போட்டான். பெட்டியக்கூட எடுக்கலை.

கரும்பா? காஞ்சு போச்சுங்க. பாதியப் பக்கத்து ஆலைக்கு ஏத்தி உட்டேன், பாதி மாடு தின்னுது. எல்லாம் அவனாலதான்.

மூடி வந்துருச்சுங்களா? சித்தே பொறுங்க, லைட்டு அடிக்கறேன். இந்தா. அட! பாத்தீங்களா தம்பி! பொட்டு! நான் வெச்ச பொட்டு! எண்ணெயில ஊறியும் அப்படியே நிக்குது பாருங்க. ஏபுள்ள பாவாயி, இங்க வந்து பாரு! உந்தம்பி பண்ணுன கூத்துல இஞ்சினே ஒடைஞ்சுது, எம்பட பொட்டு அழிஞ்சுதான்னு வந்து பாரு!

என்னுங்க தம்பி?

இன்னொரு புள்ளியா? எங்க? ஆமா... இருக்குது. சில பல்லு தள்ளி. அதுக்கென்ன இப்ப?

ம்.

முன்ன வந்த இஞ்சினுக்கு அந்தப் புள்ளி. பின்ன வந்த இஞ்சினுக்குப் பொட்டு வெச்ச இந்தப் புள்ளி. எம்பட இஞ்சின் எதுங்க? தகட்டைப் பாத்துச் சொல்லுங்க, சொரண்டித்தான் வெச்சிருக்கறானே. முன்ன வந்ததா. சரியாப் பாத்தீங்களா? அப்ப எம்பட பொட்டு... அந்தப் புள்ளிக்குள்ள சேப்பா என்னமோ ஒட்டியிருக்குதுங்கறீங்க. குங்குமமா இருக்கும். இல்லீங்களா. பாலீசு. தொடைச்சது போக மிச்சம்.

அவன் சொல்லோணுமில்ல! ரெண்டு புள்ளி இருக்குதுன்னு ஒரு மனுசன் வாயத் தொறந்து சொல்லோணுமில்ல! அப்பப் பாத்து முழுங்கிப்போட்டா நான் என்ன சோசியமா பாப்பேன்? நீ என்னத்துக்குப் புள்ள அப்படிப் பாக்கறே? சொல்ல வந்தான்னு அந்தப் பார்வைக்கு அர்த்தமா? வந்தவன் முழுசாச் சொல்றது! நான் வேண்டாம்னா உட்டுப்போடறதா? சக்கரஞ் செஞ்சவனைச் சொல்லோணும். ஒரு சக்கரத்துல ஏனுங்க ரெண்டு புள்ளி? மனுசனுக்கு நெத்தி ஒண்ணுதானே? ரெண்டு இஞ்சினுக்கு ரெண்டு சக்கரம் பண்ணுனா அவன் குடி முழுகிப் போயிருமா? தம்பி, நீங்க நெசமாலுமே கொழந்தவேலுகூடப் பழகுனதில்லீங்களா? எங்க தொழில் கத்துக்கிட்டீங்க? பவானியிலயா? அவனும் பவானிக்குப் போக வர இருந்தவன்தான்.

எங்க போறே? ஏபுள்ள, பேசிக்கிட்டு இருக்கையில எங்க போறே?

பாத்தீங்களா, திரும்பிக்கூடப் பாக்காம ஊட்டுக்குள்ள போறா. இப்படித்தானுங்க. மனுசன்னு ஒருத்தன் நிக்கறான்னே கெடையாது. வாயத் தொறக்க மாட்டா, ஆனா நெனைச்சதை நடத்திப்போடுவா.

வர்றா. தட்டு. வெத்தல, பாக்கு, தேங்காய், பழம், பத்திரிக்கை. முன்னாலயே எடுத்து வெச்சிருக்கறா! நீங்க மூடியக் கழட்டறதுக்கு முன்னாலயே எடுத்து வெச்சிருக்கறா! ஏபுள்ள, இப்பவே என்ன அவசரம்? இன்னைக்கு என்ன கெழமை, சூலம் எந்தப் பக்கம்னு பாக்க வேண்டாமா? அவன் ஊடு மேக்கால இருக்குது. இன்னைக்கு மேக்கால சூலம். சூலத்துக்கு எதுருல போயி எவனாவது கண்ணாலத்துக்கு அழைப்பானா?

நிக்கறா பாருங்க. தட்டைக் கீழ வெக்க மாட்டேங்கறா.

தம்பி, அந்த மூடியத் திரும்பப் போட வேண்டாம். அப்படியே இருக்கட்டும், அவன் வந்து பாக்கட்டும். இல்லாட்டி அதையும் நாந்தான் அமுக்கிப்போட்டேம்பான். பெட்டியையும் தொடாதீங்க. அவன் பெட்டி, அவன் வந்து தொறந்துக்குவான். எம்பட செருப்பு அங்க இருக்கும், கொஞ்சம் நகத்திப் போடுங்க.

என்ன சொன்னே புள்ள? இத்தனை நாள் கழிச்சு வாயத் தொறந்து என்ன கேக்கறே? தட்டுல வெக்கச் சந்தனமா?

நீயே கரைச்சுக்க. எங்கையால வேண்டாம்.

கட்டுப் போட்டிருக்குதுல்ல தம்பி, அதுக்காவச் சொன்னேன்.